குடலில் இருந்த கட்டி கல்லீரலுக்கு எப்படிப் போனது? செல் ஒட்டு மூலக்கூறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பேத்தாலஜி மருத்துவர். அறுவை அரங்கிலிருந்து வரும் குடல் துண்டுகளை வெட்டி, ஸ்லைடாக்கி, நுண்ணோக்கியில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. எங்கள் அறைக்கு நோயாளிகள் வருவது அபூர்வம். ரிப்போர்ட் வாங்க வரும் மகனோ மகளோதான் சில நேரம் கதவருகே தயங்கி நின்று, "கட்டி குடல்லதானே இருந்துச்சு டாக்டர், கல்லீரலுக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். வேலை நெருக்கடியில் இரண்டு வரி சொல்லி அனுப்பிவிட்டு, அன்று முழுக்க மனம் உறுத்தியது உண்டு. அந்த இரண்டு வரியின் முழு வடிவம் இது. மாணவர்கள் கேட்ட கேள்விகளையும் சேர்த்திருக்கிறேன்.

செல் ஒட்டு மூலக்கூறு என்றால் என்ன?

பெருங்குடலின் உட்புறத்தை ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தான் மூடியிருக்கின்றன. அதற்கு ஒரு பக்கம் மலமும் கோடானுகோடி பாக்டீரியாக்களும், மறுபக்கம் ரத்தம். இந்த அடுக்கு ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. நுண்ணிய குழிகளின் அடியில் பிறக்கும் செல் மெல்ல மேலே நகர்ந்து, வேலை முடிந்ததும் உதிர்ந்து மலத்தோடு போய்விடும். இத்தனை நடமாட்டத்துக்கு நடுவிலும் அடுக்கில் ஓட்டை விழுவதில்லை. செல்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சில புரதங்கள் பக்கத்துச் செல்லையும் கீழேயுள்ள தளத்தையும் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம். அந்தப் புரதங்களைத்தான் செல் ஒட்டு மூலக்கூறுகள் என்கிறோம்.

இவற்றில் நான்கு பெரிய குடும்பங்கள் உண்டு. கேட்ஹெரின்கள் பக்கத்துச் செல்லைப் பிடிப்பவை. இன்டெக்ரின்கள் பெரும்பாலும் செல்லுக்கு அடியில் விரிந்திருக்கும் தளத்தைப் பிடிப்பவை. செலக்டின்கள் ரத்தக்குழாயின் உட்சுவர் போன்ற இடங்களில் இருந்துகொண்டு, ஓடும் ரத்தத்தில் போகிற செல்லைத் தடுத்து நிறுத்துபவை. நான்காவது இம்யூனோகுளோபுலின் குடும்பம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சிஇஏ இதைச் சேர்ந்தது. எப்கேம், சிடி44 போல இந்த நான்கிலும் அடங்காதவையும் இருக்கின்றன.

ஒட்டிக்கொள்வதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறதா?

இல்லை. அவை செல்லின் காதும்கூட. "நீ உன் இடத்தில்தான் இருக்கிறாய், பக்கத்தில் ஆள் இருக்கிறது, இப்போதைக்குப் பெருக வேண்டாம்" என்ற செய்தி இவற்றின் வழியாகத்தான் உள்ளே போகிறது. தளத்தைப் பற்றியிருந்த இன்டெக்ரின் பிடி விட்டுப்போனால், ஆரோக்கியமான குடல் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். 1994-ல் இந்தச் சாவுக்கு அனோய்கிஸ் என்று பெயர் வைத்தார்கள்; கிரேக்க மொழியில் அதற்கு வீடின்மை என்று பொருள். இடம் மாறிப்போன செல் வேறெங்கும் குடியேறிவிடாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் காவல் இது.

புற்றுநோய்ச் செல் இந்தக் காவலைத் தாண்டியாக வேண்டும். பெருங்குடல் புற்றுநோயில் கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட, செல்கள் எவ்வளவு தூரம் போய்விட்டன என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, நோய் குடலுக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு தாண்டுகிறார்கள். தொலைவிலுள்ள உறுப்புக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால் அது ஏறத்தாழ 15 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. உலக அளவில் 2022-ல் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 9 லட்சம் பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பரவல்தான். அதனால்தான் ஒட்டு என்ற இந்தச் சின்ன விஷயத்தை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன்.

ஈ-கேட்ஹெரின் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

குடல், தோல், மார்பகச் சுரப்பி போன்ற இடங்களின் மூடு செல்களைக் கோத்து வைக்கும் முதன்மைப் புரதம் அது. ஜப்பானின் மசாதோஷி தாகேயிச்சி 1970-களில் ஒரு சிறிய வேறுபாட்டைக் கவனித்தார். திசுவிலிருந்து செல்களைப் பிரிக்க ட்ரிப்சின் என்ற நொதியைப் போடுவது ஆய்வக வழக்கம். கரைசலில் கால்சியம் இருந்தால், பிரித்த செல்கள் மறுபடி விரைவாக ஒட்டிக்கொண்டன. கால்சியத்தை அகற்றிவிட்டு நொதியைப் போட்டால் ஒட்டும் திறனே போய்விட்டது. அப்படியென்றால் கால்சியம் காத்து வைக்கும் ஏதோ ஒரு புரதம் செல்லின் மேலே இருக்க வேண்டும். 1977-ல் வெளியான அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் கேட்ஹெரின் பற்றிய நம் அறிவு. பெயரிலேயே கால்சியம் ஒளிந்திருக்கிறது.

செல்லுக்கு வெளியே நீளும் பகுதியை ஐந்து துண்டுகள் சேர்ந்த கரும்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணுவிலும் கால்சியம் உட்கார்ந்து அதை விறைப்பாக வைத்திருக்கிறது. எதிர்ச்செல்லிலிருந்து நீளும் இன்னொரு ஈ-கேட்ஹெரினோடு அதன் நுனி பிணைந்துகொள்ளும். செல்லுக்கு உள்ளே நீளும் வால் பீட்டா-கேட்டெனின் என்ற புரதத்தைப் பிடித்திருக்கும். அது ஆல்ஃபா-கேட்டெனினை, அது செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளை. கபடியில் தடுப்பு வீரர்கள் கைகோத்து நிற்பது போன்ற சங்கிலி. ஒரு கை விட்டாலும் ரெய்டர் நழுவிவிடுவார்.

அப்படியானால் கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் ஒட்டு வலுப்படுமா?

வலுப்படாது. செல்களைச் சுற்றியுள்ள திரவத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உடம்பு கறாராகக் கட்டுப்படுத்துகிறது. கேட்ஹெரினுக்குத் தேவையானது எப்போதும் அங்கே இருக்கிறது. பாலிப், அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதைவளர்ச்சி, திரும்ப வருவதைக் கால்சியம் தடுக்குமா என்பது வேறு கேள்வி. 1999-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சற்றுப் பலன் இருப்பதாகச் சொன்னது. 2015-ல் வந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை.

பீட்டா-கேட்டெனினைப் பற்றித் தனியாகப் பேசுகிறார்களே, ஏன்?

என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தின் இதயமே அதுதான். பெருங்குடல் புற்றுநோய் பெருக்கத்தின் நோயா, ஒட்டின் நோயா என்று கேட்டால், இரண்டும் ஒரே புரதத்தில் வந்து சந்திக்கின்றன.

பீட்டா-கேட்டெனினுக்கு இரண்டு வேலை. செல்லின் விளிம்பில் இருக்கும்போது அது ஒட்டுச் சங்கிலியின் ஒரு கண்ணி. செல்லின் கருவுக்குள் போய்விட்டால், "பெருகு" என்று உத்தரவிடும் தூதர். ஆரோக்கியமான செல், விளிம்பில் தேவைப்படாமல் மிதந்து திரியும் பீட்டா-கேட்டெனினை உடனுக்குடன் பிடித்து அழித்துவிடும். அப்படிப் பிடிக்கும் குழுவில் முக்கிய உறுப்பினர் ஏபிசி என்ற புரதம். அதன் மரபணு ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது, 1991-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பரம்பரையாக ஏபிசி பழுதுபட்ட குடும்பங்களில் இளவயதிலேயே குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் பாலிப்புகள் முளைக்கும். பரம்பரைத் தொடர்பு இல்லாமல் வரும் பெருங்குடல் புற்றுநோய்களிலும் சுமார் 80 சதவீதத்தில் இதே மரபணு பழுதாகியிருக்கிறது. பெரும்பாலும் அதுதான் முதல் பழுது.

1993-ல், ஏபிசி புரதம் எதைப் பிடித்துக்கொள்கிறது என்று தேடிய இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டடைந்தது பீட்டா-கேட்டெனினை. புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவின் கைப்பிடியில் ஓர் ஒட்டுப் புரதம்! படிக்கும் காலத்தில் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏபிசி பழுதானால் பீட்டா-கேட்டெனின் அழிக்கப்படாமல் குவிந்து, கருவுக்குள் நுழைந்து, டிசிஎஃப் என்ற புரதத்தோடு சேர்ந்து பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. பெருக்கத்தைத் தூண்டும் மிக் மரபணு அவற்றில் ஒன்று என்பது 1998-ல் தெரிந்தது. சிடி44, எல்1-கேம் ஆகிய ஒட்டு மூலக்கூறுகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. மேட்ரிலைசின் என்ற நொதியும் இருக்கிறது. அது ஈ-கேட்ஹெரினின் வெளிப்பகுதியையே கத்தரித்துவிடக்கூடியது. பெருகச் சொல்லும் அதே கை, பழைய ஒட்டை வெட்டிப் புதிய ஒட்டையும் கொண்டுவந்து வைக்கிறது.

ஈ-கேட்ஹெரின் போய்விட்டால் புற்றுநோய் பரவிவிடும், இவ்வளவுதானே?

பாடப்புத்தகம் நெடுநாள் இப்படித்தான் சொன்னது. முழுக்கச் சரியில்லை.

வயிற்றுப் புற்றுநோயின் ஒரு வகையில் ஈ-கேட்ஹெரின் மரபணுவே நிரந்தரமாகப் பழுதாகிறது. நியூஸிலாந்தின் மாவோரி குடும்பம் ஒன்றில் பல தலைமுறையாக அது இறங்கி வந்ததை 1998-ல் கண்டுபிடித்தார்கள். பெருங்குடலில் அப்படி மரபணு பழுதாவது அரிது. மரபணு நன்றாகவே இருக்கும். ஆனால் ஸ்னெயில், ஸெப்1 போன்ற புரதங்கள் அதன் வாயை அடைத்து வைக்கும். அடைத்ததைத் திறக்கவும் முடியும். எல்லா வேறுபாடும் இங்கேதான் இருக்கிறது.

கட்டியின் நடுப்பகுதியைப் பார்த்தால் செல்கள் சுரப்பி வடிவில் ஒழுங்காக, ஒன்றையொன்று பிடித்தபடி இருக்கும். தசையைத் துளைத்துக்கொண்டு போகும் விளிம்புக்கு நுண்ணோக்கியை நகர்த்தினால் காட்சி மாறும். சுரப்பி வடிவம் உடைந்து செல்கள் சிதறும், ஈ-கேட்ஹெரின் மங்கும், பீட்டா-கேட்டெனின் கருவுக்குள் அடர்ந்து தெரியும். ஜெர்மனியின் தாமஸ் பிராப்லெட்ஸ் குழு இதைக் கவனமாகப் பதிவு செய்தது. அவர்கள் கண்ட இன்னொன்று அதைவிட முக்கியமானது. பரவிப்போன இடத்தில் வளர்ந்த கட்டியை வெட்டிப் பார்த்தால் அங்கே மறுபடி ஒழுங்கான சுரப்பிகள். ஈ-கேட்ஹெரின் திரும்பவும் விளிம்புக்கு வந்திருக்கிறது. கல்லீரல் பயாப்சியில் பெருங்குடல் போலவே தோற்றமளிக்கும் சுரப்பிகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். கிளம்பும்போது பிடியை விட்டவை, சேர்ந்த இடத்தில் மறுபடி கைகோத்துக் குடித்தனம் நடத்துகின்றன.

எல்லாச் செல்களும் தனித்தனியாகத்தான் கிளம்புகின்றன என்றும் இல்லை. கொத்தாக, ஒட்டுக் குலையாமல் நகர்ந்து போகும் கூட்டங்களும் உண்டு. எலி மாதிரிகளில் நடந்த மார்பகப் புற்றுநோய் ஆய்வு ஒன்று 2019-ல் ஒருபடி மேலே போய், ஈ-கேட்ஹெரினை நீக்கினால் செல்கள் அதிகமாக ஊடுருவினாலும் வழியிலேயே செத்துப்போவதால் பரவல் குறைகிறது என்று காட்டியது. ஆகவே "ஒட்டு அறுகிறது" என்று மாணவர்கள் தேர்வில் எழுதும்போது "ஒட்டு மாறுகிறது" என்று நான் திருத்தி எழுதுவேன். எந்த நேரத்தில், யாரிடமிருந்து யாருக்கு மாறுகிறது என்பதுதான் நோயின் கதை.

அப்பாவின் ரிப்போர்ட்டில் "டியூமர் பட்டிங்" என்று போட்டிருக்கிறது. அது என்ன?

மேலே சொன்ன விளிம்பில், கட்டியிலிருந்து பிரிந்து தனியாகவோ நான்கு செல்கள் வரையிலான சிறு கூட்டமாகவோ நிற்பவற்றை மொட்டு என்கிறோம். பிடி தளர்வதைச் சாதாரணச் சாயத்திலேயே கண்ணால் காணும் தருணம் அது. 2016-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கூடிய பன்னாட்டு மருத்துவர்கள் எண்ணும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். மொட்டுகள் மிக அதிகமாக இருக்கும் ஓரிடத்தைத் தேர்ந்து, 0.785 சதுர மில்லிமீட்டர் பரப்பில் எண்ண வேண்டும். 4 வரை குறைவு. 5 முதல் 9 வரை நடுத்தரம். 10-ம் அதற்கு மேலும் அதிகம்.

இந்த எண்ணுக்கு நடைமுறைப் பயன் உண்டு. கொலோனோஸ்கோப்பியில் எடுத்த பாலிப்பில் ஆரம்பநிலைப் புற்றுநோய் இருந்தால், அது போதுமா, குடலின் அந்தப் பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் அறுவை செய்து எடுக்க வேண்டுமா என்ற முடிவில் மொட்டு எண்ணிக்கை சேர்கிறது. நிணநீர் முடிச்சுக்கு இன்னும் பரவாத இரண்டாம் நிலை நோயில் கீமோ தேவையா என்ற பேச்சிலும் சேர்கிறது. எண்ணிக்கை அதிகம் என்றால் பரவிவிட்டது என்று அர்த்தமில்லை; கூடுதல் கவனம் வேண்டும் என்று அர்த்தம். ரிப்போர்ட்டில் இது எழுதப்படவில்லை என்றால் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். பழைய ஸ்லைடை எடுத்து மறுபடி எண்ணிச் சொல்ல எங்களால் முடியும்.

பயாப்சி எடுத்தால், கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

இந்தப் பயத்தில் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்தவர்களின் ஸ்லைடுகளைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். கொலோனோஸ்கோப்பியில் குடலின் உட்புற மேல்பரப்பிலிருந்துதான் சிறு துணுக்கு எடுக்கிறார்கள். அங்கே சில செல்கள் உதிர்வதால் நோய் பரவிவிடாது. உதிர்வது எளிது, பிழைத்து இன்னோர் இடத்தில் ஊன்றுவதுதான் கடினம். தளம் இழந்த செல்லுக்கு அனோய்கிஸ் காத்திருக்கிறது. ரத்தத்தில் நுழைந்தால் ஓட்டத்தின் விசையும் எதிர்ப்புச் செல்களும் காத்திருக்கின்றன. நுழைந்தவற்றில் மிக மிகச் சிலவே பிழைக்கின்றன. கத்திக்குப் பயந்து விட்டுவைத்த கட்டியோ தினம் தினம் செல்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

ஏன் பெரும்பாலும் கல்லீரலுக்கே போகிறது?

முதல் காரணம் வழி. பெருங்குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு பங்கு ரத்தம் கல்லீரலைத் தொடாமலே பொது ஓட்டத்தில் கலப்பதால், அங்கே வரும் கட்டிகள் நுரையீரலுக்குப் போவதை அதிகம் பார்க்கிறோம்.

ஆனால் வழியில் ஊர் வந்தால் மட்டும் போதாது, இறங்க வேண்டுமே. வீக்கம் உள்ள இடத்துக்கு வெள்ளையணுவை இறக்குவதற்காக ரத்தக்குழாயின் உட்சுவர் ஈ-செலக்டினை நீட்டும். வெள்ளையணு தன் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலியால் அதைப் பற்றி, உருண்டு, நின்று, வெளியே நுழையும். பெருங்குடல் புற்றுநோய்ச் செல்களும் சயலைல் லூயிஸ் என்ற அதே வகைச் சர்க்கரைச் சங்கிலிகளை மேலே போர்த்திக்கொள்கின்றன. ஊழியர் சீருடையை மாட்டிக்கொண்டு உள்ளே நுழையும் திருடன் மாதிரி. சிஏ 19-9 என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அது அளப்பது இந்தச் சர்க்கரைச் சங்கிலிகளில் ஒன்றைத்தான். இறங்கிய பிறகு இன்டெக்ரின்களின் வேலை. அவை புதிய மண்ணைப் பற்றி, "இங்கே இருக்கலாம்" என்று செல்லுக்குச் சொல்கின்றன. ஆல்ஃபாவி-பீட்டா6 என்ற இன்டெக்ரின் ஆரோக்கியமான குடலில் மிகக் குறைவு. புற்றுநோயில் கூடி, டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞையையும் முடுக்கிவிடுகிறது.

சிஇஏ கூடியிருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமா?

அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

1965-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மேனும் பெருங்குடல் கட்டிகளிலும் கருவிலுள்ள குழந்தையின் குடலிலும் ஒரு பொருளைக் கண்டார்கள். அதனால்தான் பெயரில் கருவும் புற்றும் சேர்ந்து இருக்கின்றன. ஆரோக்கியமான பெரியவர்களின் குடலிலும் அது சிறிது உண்டு என்பது பிறகு தெரிந்தது. அது செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் மூலக்கூறு என்று 1989-ல் காட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் அளந்துகொண்டிருந்த பொருளின் தொழில் அப்போதுதான் புரிந்தது.

ஆரோக்கியமான செல்லில் சிஇஏ குடலின் குழாய்ப்பக்கம் மட்டும் நிற்கும். உதிர்ந்தால் மலத்தோடு போகும். புற்றுநோய்ச் செல்லுக்கு மேல், கீழ் தெரியாது. எல்லாப் பக்கமும் சிஇஏவைப் பரப்பிக்கொள்வதால் அது ரத்தத்தில் கசிகிறது. கல்லீரலின் துப்புரவுப் பணியாளர்களான குப்ஃபர் செல்கள் சிஇஏவைப் பிடித்து அகற்றுகின்றன. அப்போது அவை வெளியிடும் பொருட்கள் அங்கே புற்றுநோய்ச் செல் ஊன்றுவதற்கு உதவுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

பொதுவாக மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் வரை இயல்பு. புகைபிடிப்பவர்களுக்கும், கல்லீரல் நோய், கணைய அழற்சி, குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் கூடலாம். ஆரம்பநிலைப் புற்றுநோயில் பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். ஆகவே நோய் இருக்கிறதா என்று தேட இது உதவாது. "மாஸ்டர் செக்கப்"பில் சிஇஏ நார்மல் என்று வந்ததால் மலத்தில் ரத்தம் போவதை அலட்சியப்படுத்தாதீர்கள். அறுவைக்குப் பிறகு கண்காணிக்கவே இது பயன்படுகிறது. கட்டியை எடுத்துச் சில வாரங்களில் இறங்க வேண்டும். பிறகு முதல் இரண்டு ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும், ஐந்து ஆண்டு முடியும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். ஒரே ஒரு எண்ணைவிட அது ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் முக்கியம்.

எப்கேம் மரபணுவைக் குடும்பத்தில் பரிசோதிக்கச் சொன்னார்கள். ஒட்டு மூலக்கூறு எப்படிப் பரம்பரை நோயாகும்?

இங்கே நடப்பது ஒட்டோடு நேரடித் தொடர்பு இல்லாத, அக்கம்பக்கத்து விபத்து. இரண்டாவது குரோமோசோமில் எப்கேம் மரபணுவுக்கு அடுத்த வீடு எம்எஸ்எச்2. டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் மரபணு அது. சில குடும்பங்களில் எப்கேமின் கடைசிப் பகுதி அறுந்துபோயிருக்கும். "இங்கே நிறுத்து" என்ற குறி இல்லாததால், செல் எப்கேமைப் படித்துக்கொண்டே எம்எஸ்எச்2-க்குள் நுழைந்து அதன் தொடக்கத்தை மூடிவிடுகிறது. எம்எஸ்எச்2-இல் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அது ஊமையாகிவிடுகிறது. விளைவு லிஞ்ச் நோய்க்குறி, அதாவது இளவயதிலேயே பெருங்குடல் புற்றுநோய் வரும் பரம்பரைப் போக்கு. 2009-ல் வெளிவந்த கண்டுபிடிப்பு இது. லிஞ்ச் குடும்பங்களில் சிறு பகுதிக்கே இதுதான் காரணம். ஆனால் உங்கள் குடும்பத்தில் இது உறுதியானால், உடன்பிறந்தவர்களும் வயதுவந்த பிள்ளைகளும் மரபணு ஆலோசனை பெற வேண்டும். மாற்றம் உள்ளவர்களுக்கு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோப்பி செய்யப் பரிந்துரைப்பார்கள்.

டிசிசி என்ற மரபணுவும் ஒட்டு மூலக்கூறுதானே?

அப்படித்தான் நினைத்தார்கள். 1990-ல் 18-வது குரோமோசோமில் பெருங்குடல் புற்றுநோய்களில் அடிக்கடி காணாமல்போகும் பகுதியில் ஒரு மரபணு கிடைத்தது. உருவம் நரம்புச் செல்களின் ஒட்டு மூலக்கூறை ஒத்திருந்தது. ஒட்டு போனால் புற்றுநோய் என்ற கதைக்குப் பொருத்தமாகவும் இருந்தது. 1996-ல் அது வளரும் நரம்பிழைகளுக்கு வழிகாட்டும் நெட்ரின் என்ற புரதத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்று தெரிந்தது. மறு ஆண்டு, டிசிசி பழுதான எலிகளைப் பார்த்தால் குடலில் கட்டி அதிகரிக்கவில்லை. அதே பகுதியிலுள்ள எஸ்மேட்4 என்ற மரபணுதான் பெரிய குற்றவாளி என்று பலர் அதன் பக்கம் திரும்பினார்கள். டிசிசி முற்றிலும் நிரபராதி என்றும் முடிவாகிவிடவில்லை. நெட்ரின் கிடைக்காத இடத்தில் அது செல்லைச் சாகத் தூண்டும் என்பதால் அதன் இழப்பும் ஒரு பங்கு வகிக்கலாம்.

வாயிலுள்ள பாக்டீரியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. ஃபுசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் பல் ஈறுகளில் வாழ்வது. 2012-ல் இரண்டு குழுக்கள் அதைப் பெருங்குடல் கட்டிகளில் கண்டன. மறு ஆண்டு, அந்த பாக்டீரியா ஃபாட்ஏ என்ற தன் ஒட்டுப் புரதத்தால் ஈ-கேட்ஹெரினையே பற்றி, பீட்டா-கேட்டெனின் பாதையை முடுக்குகிறது என்று காட்டினார்கள். 2017-ல் கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளிலும் அதே பாக்டீரியாவைக் கண்டார்கள். பல் துலக்கினால் புற்றுநோய் வராது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது.

ஒட்டு மூலக்கூறுகளைக் குறிவைக்கும் மருந்து இருக்கிறதா?

முயன்றிருக்கிறார்கள். எட்ரிகோலோமாப் என்ற எதிர்ப்பொருள் எப்கேமைக் குறிவைத்தது. 1994-ல் 189 நோயாளிகளிடம் செய்த ஜெர்மன் ஆய்வு இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொன்னது. மறு ஆண்டு ஜெர்மனியில் அனுமதியும் கிடைத்தது. 2002-ல் 2,700-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வில், கீமோவோடு அதைச் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை. மருந்து சந்தையை விட்டுப் போனது.

2011-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில், சிஇஏவைக் கண்டால் தாக்கும்படி மாற்றிய டி செல்கள் என்ற எதிர்ப்பு வெள்ளையணுக்களை மூன்று நோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். மூவருக்கும் சிஇஏ அளவு இறங்கியது. ஒருவருக்குக் கட்டிகள் சுருங்கின. ஆனால் மூவருக்கும் கடுமையான குடல் அழற்சி வந்தது. ஆரோக்கியமான குடலிலும் சிஇஏ இருக்கிறதே, அந்தச் செல்களுக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? இந்தத் துறையின் தலையாய சிக்கல் இதுதான்.

ஒட்டைத் தடுக்கும் மருந்து என்ற எண்ணமே தவறு என்று நினைத்துவிடாதீர்கள். குடல் அழற்சி நோய்க்கு 2014 முதல் பயன்படும் வெடோலிசுமாப், வெள்ளையணுக்களின் ஓர் இன்டெக்ரினைத் தடுத்து அவை குடலில் இறங்காமல் செய்கிறது, நன்றாகவே உதவுகிறது.

இணையத்தில் சிமெட்டிடின் என்ற பழைய அமிலக் குறைப்பு மாத்திரை பற்றிப் படித்துவிட்டு வருபவர்கள் உண்டு. அது ஈ-செலக்டினைக் குறைப்பதாகத் தெரிகிறது. ஜப்பானில் 64 பேரிடம் செய்த ஆய்வில், சயலைல் லூயிஸ் சங்கிலி அதிகமுள்ள கட்டி உடையவர்களுக்குப் பலன் தெரிந்தது. 64 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. மருத்துவரைக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது பல மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

ஈ-கேட்ஹெரின், எல்1-கேம் எல்லாம் எனக்குப் பரிசோதிக்க வேண்டுமா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தேவையில்லை. சிகிச்சையை மாற்றும் பரிசோதனைகள் வேறு: டிஎன்ஏ பிழைதிருத்தப் புரதங்கள், கேராஸ், என்ராஸ், பிராஃப் ஆகிய மரபணுக்கள். செலவழிப்பதை அவற்றுக்குச் செலவழியுங்கள்.

இப்போது ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது?

என் கவனமெல்லாம் எல்1-கேம் மீது இருக்கிறது. அது முதலில் நரம்புச் செல்களில் அறியப்பட்ட ஒட்டு மூலக்கூறு. 2005-ல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் அதைப் பெருங்குடல் கட்டியின் ஊடுருவும் விளிம்பில் கண்டார்கள். 2020-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கில் கருணா கணேஷ், ஜோன் மஸாகே குழு அதன் பின்னணியை விளக்கியது. அமைதியாக இருக்கும் ஆரோக்கியமான குடலில் எல்1-கேம் இல்லை. பாலிப் உருவாகவும் அது தேவையில்லை. அழற்சியால் குடல் புண்ணாகி, ஈ-கேட்ஹெரின் பிணைப்பு குலையும்போது மட்டும் எழுந்து வருகிறது. புண்ணை ஆற்ற அது தேவைப்படுகிறது. புற்றுநோய்ச் செல்கள் கூட்டை விட்டுப் பிரியும்போதும் இதே நிலை ஏற்பட, அதே எல்1-கேம் எழுந்து, போன இடத்தில் ஊன்ற உதவுகிறது. இதே கூட்டத்தார் வேறு ஆய்வுகளில், பரவிய செல்கள் எல்1-கேமால் நுண்ரத்தக்குழாய்களின் வெளிப்புறத்தைப் பற்றிப் படர்வதையும் காட்டியிருக்கிறார்கள்.

பரவும் செல் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. புண்ணாற்ற நம் குடல் வைத்திருக்கும் பழைய வழியையே எடுத்துக்கொள்கிறது. எல்1-கேமைத் தடுக்க நினைப்பவர்கள் முன்னே உள்ள கேள்வியும் அதனால் நேரடியானது. அறுவையில் குடலை வெட்டி இணைத்த தையல் ஆறிக்கொண்டிருக்கிறது. கீமோவும் குடலின் உள்ளடுக்கைப் புண்ணாக்குகிறது. இந்த நோயாளிக்கு அந்த மருந்தை எப்போது, எவ்வளவு நாள் கொடுப்பது?